உள்ளே மடித்த துணி

அத்தியாயம் பதினொன்று

"இன்னிக்கே அப்பாகிட்ட சொல்லிடும்மா. நீ சொல்லலைன்னா நானே போய்..."

"நீ வாயைத் திறந்து பாரு, அப்புறம் நான்..."

"என்ன பண்ணுவே? என் வாயையும் சேர்த்துப் பிடிச்சுத் தச்சிடுவியா?"

"கத்தாதே. இது ஆஸ்பத்திரி. உன் கிளாஸ் ரூம் இல்ல."

"கிளாஸ் ரூமா இருந்தா இந்நேரம் உன்னை பெஞ்ச் மேல ஏத்தி நிக்க வச்சிருப்பேன்!"

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்பும் இடம். ஒரு ஜன்னல், சக்கரம் போன ஒரு தள்ளு நாற்காலி, அம்மா, மகள். வாளியோடு ஏறி வந்த துப்புரவு அம்மாள் சற்று நின்று கேட்டாள். பிறகு, "முடிஞ்சதும் ஒரு குரல் குடுங்க. இந்த இடத்தைத் துடைக்கணும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

மகள் கையில் ஒரு சட்டை இருந்தது. நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வைத்திருந்தாள்.

"காலையில இஸ்திரி போடலாம்னு எடுத்தேன். விலாப் பக்கம் பெட்டி ஏறி ஏறி இறங்குது. என்னடான்னு திருப்பிப் பார்த்தா, அஞ்சு தையல். ஒண்ணுக்குள்ள ஒண்ணு. மத்த சட்டையையும் பார்த்தேன். எல்லாத்துலயும் அஞ்சு."

டெய்லரம்மா என்று எல்லாரும் கூப்பிடும் அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

"கால் இஞ்ச் கால் இஞ்சா உள்ள தள்ளியிருக்கே. முன்னும் பின்னும், ரெண்டு பக்கமும் சேர்த்தா ஒரு கோட்டுக்கு ஒரு இஞ்ச். அஞ்சு கோடு." கணக்கு டீச்சரான மகளின் குரல் அங்கே உடைந்தது. "எங்கப்பாவுல அஞ்சு இஞ்ச் காணோம்மா. நீ அதை உள்ள மடிச்சு வச்சிருக்கே."

அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

ஒரே ஒரு பையோடு, வயிற்று வலி என்று வந்தவர்கள். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று அடுப்பங்கரை ஜன்னலைக்கூடச் சாத்தாமல் வந்தார்கள். இன்றோடு நாற்பத்தேழு நாள். குடலில் கட்டி என்றார்கள், அறுத்தார்கள், அறுத்த இடத்தில் சீழ் பிடித்தது, அதற்கு ஒரு மாதம் போயிற்று. மிச்சக் கட்டியை எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கி. அதைத் தாங்க உடம்பில் சத்து வேண்டும். சாப்பிட்டதெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர் டெய்லரம்மாவின் கணவர். ஆஸ்பத்திரியில் கொடுத்த, முதுகுப் பக்கம் நாடா கட்டும் அங்கியைப் பார்த்துவிட்டு, "பின்பக்கம் கதவு வச்ச வண்டியில நான் ஏற மாட்டேன்" என்றவர். அதனால் வீட்டுச் சட்டைகள் வந்தன. பதினெட்டாவது நாள் அவற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டார். கழுத்துப் பட்டி கழுத்தைத் தொடாமல் தனியாக நின்றது. குனிந்து பார்த்தார், பட்டன் போட்டார், மறுபடி பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை.

டெய்லரம்மாவின் கைக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். சட்டைகளைத் துவைக்க என்று வீட்டுக்கு எடுத்துப் போனாள். விலாப் பக்கமும் தோளிலும் துணியை உள்ளே பிடித்துத் தைத்தாள். காலர் பட்டனை நகர்த்தி வைத்தாள். மறுநாள் போட்டுக்கொண்டவர் கழுத்தில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். "பாத்தியா, பழையபடி ஆயிட்டேன்" என்றார். அன்று அரை டம்ளர் பால் உள்ளே போயிற்று, திரும்பி வரவில்லை.

அந்த அரை டம்ளர் பாலுக்காகத்தான் அடுத்த வாரமும் பிடித்தாள். அதற்கடுத்த வாரமும்.

"நீ நல்லதுக்குத்தான் பண்ணினே," என்றாள் மகள், இப்போது மெதுவாக. "ஆனா அந்தச் சட்டையைக் காட்டித்தானே அவர் மூக்குல குழாய் வேண்டாங்கிறார்?"

டெய்லரம்மா அந்தச் சட்டையை வாங்கி நல்ல பக்கம் திருப்பினாள். மகளுக்குத் தெரியாத ஒன்றும் அவளிடம் இருந்தது. போன வெள்ளிக்கிழமை டாக்டர் அவளை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "மூணு வாரம் பார்ப்போம். எடை ஏறினா ஆபரேஷன். ஏறலைன்னா அவர் மேல கத்தி வைக்க முடியாதும்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, பிடிச்சதைக் குடுத்து, பக்கத்துல இருந்து பார்த்துக்குங்க" என்றார். வெளியே வந்தவளிடம் கணவர் கேட்டதற்கு, "மருந்தை மாத்தறாங்களாம்" என்று சொல்லி வைத்தாள். மகளிடமும் அதையேதான் சொன்னாள்.

மூன்று வாரத்தில் நான்கு நாள் போய்விட்டது.

---

"என்ன டெய்லரம்மா, படிக்கட்டுல மாநாடா? செக்கிங்கும் வந்திருக்கு போல."

ஒன்பதாம் நம்பர் படுக்கையிலிருந்து வந்தது கணவரின் குரல். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்க ஏறுபவர் மாதிரி எதையும் இரண்டு தடவை பார்ப்பாள் என்று மகளுக்கு அவளுடைய ஐந்து வயதிலேயே வைத்த பெயர் செக்கிங். மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பிக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். எங்கே போனாலும் கூடவே வருவதால் அது கண்டக்டர்.

"ஸ்கூலுக்கு அரை நாள் லீவு போட்டேன்பா."

"பிள்ளைங்க பிழைச்சாங்க."

அவர் சிரித்தபோது கன்னத்தில் குழி விழுந்தது. முன்பு அங்கே குழி இருந்ததில்லை. சட்டை மட்டும் தோளில் சிக்கென்று நின்றது. இவ்வளவு சுத்தமாக ஏன் தைத்தோம் என்று டெய்லரம்மாவுக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

டாக்டர் வந்தார். மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். கையில் பச்சைப் படிவம்.

"ஐயா, வந்தப்போ எழுபத்தொண்ணு கிலோ இருந்தீங்க. இன்னிக்கு ஐம்பத்தெட்டு. மூக்கு வழியா மெல்லிசா ஒரு குழாய். நீங்க சாப்பிட வேண்டாம், வாந்தி இல்ல, சத்து நேரா உள்ள போகும். நாளைக்குக் காலையில போடணும்னா இன்னிக்கு நாலு மணிக்குள்ள கையெழுத்து வேணும்."

"டாக்டரம்மா, என்னைத் துணியில கட்டித் தொட்டில் மாதிரி தூக்கி நிறுக்கறீங்க. நான் அதுல காலை ஆட்டினா ஒரு எடை, ஆட்டலைன்னா ஒரு எடை. அந்த மெஷினையா நம்பறீங்க?" கழுத்துப் பட்டிக்குள் விரலை விட்டுக் காட்டினார். "இதைப் பாருங்க. ரெண்டு விரல். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு ரெண்டு விரல்தான். மெஷின் பொய் சொல்லும். என் வீட்டுக்காரி தையல் பொய் சொல்லாது."

"கையைப் பாருங்க ஐயா. எப்படி இருக்குன்னு."

"ஏழு வாரமா ஸ்டியரிங் பிடிக்கலை. கை இளைக்காம?"

"குழாய்னா ஏன் இவ்வளவு பயம்?"

அவர் பக்கத்துப் படுக்கையைப் பார்த்தார். பத்தாம் நம்பர். கொஞ்ச நாளைக்குத்தான் என்று மூக்கில் குழாய் போட்டுக்கொண்ட மனிதர் ஒருவர் அங்கே இருந்தார். ஒன்பதாவது நாள் காலையில் விரிப்பை மாற்றினார்கள். இப்போது அதில் யாரும் இல்லை.

"பயமெல்லாம் இல்ல," என்றார் டிரைவர். "தேவையில்லாததை ஏன் மாட்டிக்கணும்?"

டாக்டர் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. தினமும் பார்க்கறீங்க. இளைச்சிருக்காரா, இல்லையா?"

ஏழு வாரத்தில் டெய்லரம்மா அந்த வார்டுக்கே தையல்காரியாகிவிட்டிருந்தாள். மடியில் பெரிய சிஸ்டரின் யூனிஃபார்ம் கிடந்தது. இடுப்பைத் தளர்த்தி விட்டுத் தைக்கக் கொடுத்தது. கேள்வி வந்த கணத்தில் அவள் கை தானாகத் தையல் பெட்டிக்குப் போயிற்று. மூன்று குண்டூசிகள் உதட்டுக்கு நடுவே ஏறிக்கொண்டன.

"ம்ம்," என்றாள்.

வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த தந்திரம் அது. பதில் சொல்ல இஷ்டமில்லாத கேள்வி வந்தால் டெய்லரம்மா வாயில் குண்டூசி இருக்கும். மகள் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டர் படிவத்தைத் தலைமாட்டு மேஜையில் வைத்து, தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கி அதன் மேல் பாரம் வைத்துவிட்டுப் போனார்.

"நாலு மணி," என்றார் வாசலில் நின்று.

---

உடம்பு துடைக்கும் நேரத்தில் டெய்லரம்மா எப்போதும் இருக்க மாட்டாள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் வீட்டுக்கு ஓடிப் போய்க் குளித்து, துணி அலசிப் போட்டுவிட்டு வருவாள். இன்று சண்டையில் அது தவறிவிட்டது.

பெரிய சிஸ்டர் வெந்நீரோடு வந்தார். "என் யூனிஃபார்ம் என்னாச்சும்மா? மூச்சு விட்டா பட்டன் தெறிக்குது."

"உள்ள துணி விட்டுத்தான் தச்சிருக்காங்க சிஸ்டர். ஒரு இஞ்ச் விடலாம்."

"ஒரு இஞ்ச் ஒரு மாசத்துக்குத்தான் வரும். விடறதை ரெண்டா விடுங்க."

"எங்க டெய்லரம்மாகிட்ட வாய் குடுத்தா இருக்கிற துணியை வச்சு ஆளையே மாத்திடுவா," என்றார் டிரைவர். சிஸ்டர் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றினார். கழற்றியவர் நின்றார்.

"இது என்ன ஐயா?"

"ஒண்ணுமில்ல. பவுடரைப் போட்டு மூடுங்க."

"ரெண்டு விலாவுலயும் சிவந்து கிடக்கு. நேத்து லேசாத்தான் இருந்தது. இங்க தோலே உரிஞ்சிருக்கு. படுக்கைப் புண் ஆரம்பிக்குதோ? ஆனா அது முதுகுலதானே வரும்..." சிஸ்டர் குனிந்தார். "கோடு போட்ட மாதிரி இருக்கே."

டெய்லரம்மா எழுந்து பார்த்தாள்.

அக்குளிலிருந்து இடுப்பு வரை ஒரு சிவப்புக் கோடு. வளையாத, நெளியாத கோடு. உற்றுப் பார்த்தால் கோட்டுக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள். இஞ்சுக்குப் பத்து. வேறு யாருக்கும் அது புண்ணாகத்தான் தெரியும். அவளுக்குத் தன் கையெழுத்து மாதிரி தெரிந்தது.

மடித்த துணியை அவள் வெட்டவில்லை. ஐந்து வாரத் துணியும் உள்ளேயே அடுக்காகக் கிடந்தது. அது பிதுங்கி வெளியே தெரியக் கூடாதென்று மேலே இன்னொரு தையல் ஓட்டி அமுக்கி வைத்திருந்தாள். நல்ல தசை இருக்கும் உடம்பில் அது உறைத்தே இருக்காது. இங்கே தோலுக்கு அடியில் எலும்புதான் இருந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றாள்.

"விடு. பேசாம இரு."

மகளும் பார்த்தாள். சிஸ்டர் மருந்து தடவிவிட்டுப் போன பிறகு, கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து, "நான் பிரிக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"குடு இங்க," என்றாள் டெய்லரம்மா. "என் தையலை நான்தான் பிரிக்கணும்."

---

இரண்டரை மணிக்கு அவள் ஸ்டூலைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். சின்னக் கத்தரியின் மூக்கைத் தையலுக்குள் விட்டு முதல் நூலை அறுத்தாள். டிக்கென்று ஒரு சத்தம்.

"என்ன பண்றே? நல்லாத்தானே இருந்தது சட்டை."

"நல்லா இல்லைங்க."

"என்ன நல்லா இல்ல?"

உள்பக்கத்தைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். வெகு நேரம் பார்த்தார். விரலால் வெளிக்கோட்டைத் தொட்டார்.

"இது?"

"பதினெட்டாவது நாள். நீங்க சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தீங்களே, அதுக்கு அப்புறம்."

"இது?"

"அதுக்கு அடுத்த வாரம்."

விரல் ஒவ்வொரு கோடாக உள்ளே நகர்ந்தது. ஸ்டாப் ஸ்டாப்பாக வண்டியை நிறுத்தி ஆளை இறக்கிவிடுகிறவர் மாதிரி நிதானமாகப் போனது. ஐந்தாவதில் நின்றது.

"இது நேத்து," என்றாள்.

மகள் பத்தாம் நம்பர் படுக்கையின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"டேப்பை நான் ஒரு நாள்கூடப் பார்க்கலையே," என்றார் அவர். "எப்ப அளவு எடுத்தே?"

"உங்களைத் தூக்கி உக்கார வைப்பேன் இல்ல? ரெண்டு கையையும் உள்ள குடுத்து, முதுகைச் சேர்த்துப் பிடிச்சு. அப்ப கைக்குத் தெரிஞ்சிடும்."

"அதுவா?" அவர் மேலே விட்டத்தைப் பார்த்தார். "நான் என்னமோ, இந்த வயசுல நீ ஆசையாக் கட்டிப் பிடிக்கிறேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"அதுவும்தான்," என்றாள் டெய்லரம்மா.

கத்தரி டிக், டிக்கென்று போய்க்கொண்டிருந்தது. அறுந்த நூல்கள் அவள் மடியில் விழுந்தன.

"இவ்வளவு துணியை ஏன் உள்ளேயே விட்டு வச்சே? வெட்டி எறிஞ்சிருக்கலாம் இல்ல?"

"வெட்டிட்டா திரும்ப விட முடியாது. நீங்க பழையபடி ஆனா சட்டை வேணாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மார்பின் மேல் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் பிறகு. "திரும்பிப் படுக்கும்போதெல்லாம் விலாவுல குத்தும். நான் அது என் எலும்புன்னு நினைச்சேன்."

கத்தரி நின்றது.

"எலும்பு தோலை அறுத்துக்கிட்டு வெளிய வருது போலன்னு நினைச்சேன். சட்டை பார்த்தா கச்சிதமா இருக்கு. உள்ள எலும்பு குத்துது. ரெண்டும் எப்படி ஒத்துப் போகும்னு எனக்குப் புரியலை. உன்கிட்ட கேட்கலாம்னா, நீ பாவம், சட்டை பார்த்துதான் தைரியமா இருக்கே, அதையும் ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

டெய்லரம்மா முகத்தைச் சட்டையில் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று பார்க்க மகள் கிட்டே வந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. அவர் போர்வைக்கு வெளியே கையை நீட்டி, எட்டின இடத்தில், அவள் முழங்கையில் வைத்தார்.

"சரி, சரி. பாதியில விடாதே. முழுசாப் பிரி. மூணு மணி ஆகுது பாரு."

அவள் பிரித்தாள். காலர் பட்டனைப் பழைய இடத்தில் வைத்துத் தைத்தாள். பழைய ஊசித் துளைகள் இன்னும் அங்கேயே இருந்தன. மகள் அப்பாவின் முதுகைத் தாங்கி உட்கார வைக்க, டெய்லரம்மா சட்டையைப் போட்டுவிட்டாள். முதல் பட்டனிலிருந்து கடைசிப் பட்டன் வரை போட்டுவிட்டு விலகி நின்றாள்.

தோள் தையல் தோளில் நிற்காமல் கைக்கு இறங்கியது. அரைக்கை முழங்கையைத் தாண்டியது. சட்டைக்குள் ஆள் எங்கோ தூரத்தில் இருந்தார். அவர் கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரலை விட்டார். பிறகு நான்கு. பிறகு கையை மூடி முஷ்டியை விட்டுப் பார்த்தார். அது தாராளமாகப் போயிற்று.

"ஓஹோ," என்றார்.

அவ்வளவுதான். சரிந்து படுத்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினெட்டாவது நாள் பார்த்த அதே முதுகு. மகளின் கை டெய்லரம்மாவின் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. சண்டை போட்ட இருவரும் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வராண்டாவில் மருந்து வண்டி போகும் சத்தம் கேட்டது. மூன்றரை ஆயிற்று. அப்புறம் பத்து நிமிஷம்.

"செக்கிங்."

"அப்பா?"

"அந்தப் பச்சைத் தாளையும் பேனாவையும் எடு."

மகள் தன் பையிலிருந்த பரீட்சைத் தாள் கட்டை அடியில் வைத்து, படிவத்தை அதன் மேல் நீட்டினாள். அவர் திரும்பினார். எழுத்துக் கோணிக்கொண்டு போனது. கடைசிச் சுழியைப் போட மட்டும் மூன்று தடவை மூச்சு வாங்கினார்.

"சரியா இருக்கா, பார்த்துச் சொல்லு."

"சரியா இருக்குப்பா."

"பத்தாம் நம்பர் படுக்கைக்காரர் ஏறின அதே பஸ்தான். ஆனா எல்லாரும் ஒரே ஸ்டாப்லதான் இறங்கணும்னு இல்லையே." சிரிக்கப் பார்த்தார். சட்டை தோளிலிருந்து நழுவியது.

"இருங்க, விழுது பாருங்க," என்று டெய்லரம்மா பதறிக் கிட்டே வந்தாள். "தோள்ல மட்டும் ரெண்டு ஊசி போட்டு நிறுத்தி வைக்கிறேன். குத்தாம வைக்கிறேன்."

பெட்டியைத் திறந்தாள். வழக்கம்போல முதல் குண்டூசி உதட்டுக்குப் போயிற்று. குனிந்து தோள் தையலை நிமிர்த்தியவளின் மணிக்கட்டை அவர் பிடித்தார். அவ்வளவு மெலிந்த கையில் அந்தப் பிடி எங்கிருந்து வந்ததோ. படிவத்தோடு வாசலுக்குக் கிளம்பிய மகளும் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஊசியை வாயிலேர்ந்து எடு. போன வெள்ளிக்கிழமை டாக்டர் கதவைச் சாத்திக்கிட்டு உன்கிட்ட என்ன சொன்னாங்க?"